லேபிள் இல்லாத பதினெட்டுப் பைகள்

எங்கள் வீட்டில் யாராவது "ரொம்ப ஈஸி" என்று வாயைத் திறந்தால், அந்த வேலை என் தலையில் விழப்போகிறது என்று அர்த்தம். ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைப்பது ரொம்ப ஈஸி. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் பத்துப் பேருக்கு டீ போடுவது ரொம்ப ஈஸி. அப்படிச் சொன்னவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்ததாக இதுவரை சரித்திரம் இல்லை.

இந்த வருஷம் அதைச் சொன்னவர் என் நாத்தனார். கணவருக்கு மூன்று வயது மூத்த அக்கா. எங்கள் வீட்டு சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"இந்தத் தடவை கேம்ப்ல சமையலே கிடையாது. எல்லாத்தையும் முன்னாடியே செஞ்சு, ஃப்ரீசர்ல வச்சு, அப்படியே எடுத்துட்டுப் போயிடலாம். அங்க போய் சூடு பண்ணா முடிஞ்சுது. ரொம்ப ஈஸி."

"சூப்பர் ஐடியாக்கா," என்றார் என் கணவர். நல்ல மனிதர்தான். யார் எதைச் சொன்னாலும் சூப்பர் என்பார்.

"எம் பொண்ணுக்கு மூளை அப்படி," என்றார் மாமியார்.

மாமனார் மட்டும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பின்னால் யார் எங்கே விழப்போகிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்தே பழகியவர். பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

கோடை வந்தால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது மூன்று வருஷமாக எங்கள் குடும்ப வழக்கம். நாத்தனாரின் கணவர் மட்டும் வரமாட்டார். வருஷா வருஷம் சரியாக அந்த வாரம்தான் அவருக்கு வெளியூரில் ஆபீஸ் வேலை வரும். இந்தக் குடும்பத்தில் பிழைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

நானும் தவறாமல் போகிறேன். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. நம்ப மாட்டீர்கள். கூடாரத்திலிருந்து ஏரிக்குப் பத்து நிமிஷ நடை. எல்லாரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். "நீ பின்னாடியே வந்துடு," என்பார்கள். நான் வெங்காயம் உரித்து, அடுப்போடு மல்லுக்கட்டி, கொதிக்கவைத்து, பாத்திரம் கழுவி நிமிர்வதற்குள் தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். "தண்ணி என்னமா இருந்துச்சு தெரியுமா! அந்த மிதவை வரைக்கும் போனோம்!" ஏரிக்கு நடுவில் மரப்பலகையில் கட்டிய மிதவை ஒன்று இருக்கிறதாம். அதில் ஏறிப் படுத்தால் வானம் மட்டும்தான் தெரியுமாம். மூன்று வருஷமாக இந்த மிதவைப் புராணத்தைக் கேட்டபடி தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். யாராவது தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. ஏழு மாசமாக நான் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை நகர நீச்சல் குளத்தில் பெண்கள் நேரம். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் போவேன். நாற்பத்து மூன்று வயதில், என் வயதில் பாதிகூட இல்லாத பெண் விசிலை ஊதி ஊதிக் கற்றுக்கொடுத்தாள். "மூச்ச விடுங்கக்கா! பிடிச்சு வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க?" என்று கரையிலிருந்து கத்துவாள். முதல் மாசம் குளத்துத் தண்ணீரில் பாதியை நான்தான் குடித்தேன். இப்போது நிற்காமல் ஐம்பது மீட்டர் போவேன். கருநீலத்தில், கையும் முழங்காலும் மூடிய நீச்சல் உடை ஒன்று வாங்கி, வேலைக்குப் போடும் சீருடைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அந்த மிதவைக்கு எப்படியும் இந்த வருஷம் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதனால்தான் நாத்தனார் சொன்னதும் நான் முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"செஞ்சு தரேன் அண்ணி. ஆனா அங்க வந்து நான் கரண்டியத் தொட மாட்டேன். ஒவ்வொரு பையிலயும் லேபிள் ஒட்டியிருக்கும். எந்த நாள், எந்த வேளை, எப்படி சூடு பண்ணணும்னு எல்லாம் எழுதியிருப்பேன். பசிக்கிறவங்க படிச்சுப் பாத்து பண்ணிக்கணும்."

"அதுக்கென்ன, ராணி மாதிரி உக்காரு," என்றார் நாத்தனார். கணவர் என் தலையில் அடித்து சத்தியமே செய்தார்.

லேபிள் என்றதும் சிரிக்காதீர்கள். நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில். வேளைக்கு இருநூற்று நாற்பது தட்டுகள். உப்பில்லாதது, சர்க்கரையில்லாதது, விழுங்க முடியாதவர்களுக்காக அரைத்தது, அறுவை சிகிச்சைக்கு மறுநாள் கொடுப்பது. பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைக் கூழ். அதனால் அங்கே ஒரு சட்டம் உண்டு. லேபிள் இல்லாத தட்டைப் பார்த்து இது இன்னது என்று யாரும் சொல்லக்கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் நம் கையாலேயே வைத்ததாக இருந்தாலும் "தெரியாது" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் அதிகப்பிரசங்கித்தனமாக, "எனக்குத் தெரியும் மேடம், அது உருளைக்கிழங்கு," என்று சொல்லி, எங்கள் டயட் மேடத்திடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"உங்களுக்குத் தெரியலாம். சாப்பிடப்போற ஆளுக்குத் தெரியாதே. லேபிள் இல்லைன்னா தெரியாதுன்னு சொல்லிப் பழகுங்க," என்றார். பதினொரு வருஷமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பழகிவிட்டேன். வீட்டில்தான் பழகவில்லை.

மூன்று வாரம் செய்தேன். வேலை முடிந்து வந்து, வீட்டுக்கு வழக்கமாகச் செய்வதையே இரண்டு பங்காகச் செய்து ஒரு பங்கை எடுத்து வைத்தேன். கொத்துக்கறி சாஸ், தக்காளி சூப், பீன்ஸ் ஸ்டூ, உருளைக்கிழங்கு சூப், பாஸ்தாவுக்கு வெள்ளை சாஸ், பான்கேக்குக்கு மாவுக்கரைசல். பாஸ்தாவை முக்கால் வேக்காட்டில் இறக்கினேன், அங்கே சூடு பண்ணும்போது குழைந்துவிடக்கூடாது என்று. எல்லாவற்றையும் நன்றாக ஆறவைத்து, ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியே தள்ளி, தட்டில் படுக்கவைத்து உறையவைத்தேன். பலகை மாதிரி தட்டையாக உறைந்தால்தான் ஐஸ் பெட்டியில் அடுக்க இடம் பிடிக்காது, தனியாக ஐஸும் வேண்டாம். ஆறு வேளைக்கு, வேளைக்கு மூன்று பை, மொத்தம் பதினெட்டு. ஞாயிறு மதியம் அடியில், வெள்ளி இரவு மேலே. ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் லேபிள். "சனி மதியம், 2. உருளைக்கிழங்கு சூப். ஒரு கப் தண்ணீர். சின்னத் தீ. கிளறிக்கொண்டே இருக்கவும். கிளறவும் என்றால் கிளறவும்." இதற்கு மேல் ஒருத்தி என்னதான் எழுத முடியும்?

மாமனாருக்கு மட்டும் உப்பும் சர்க்கரையும் ஆகாது. அவருடையதைத் தனியாக ஒரு சின்னப் பெட்டியில் வைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "படிச்சிட்டேம்மா," என்றார். ஆறு லேபிளையும் உட்கார்ந்து படித்த ஒரே மனிதர் அவர்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வந்தார். அவர் கார்தான் பெரியது, ஐஸ் பெட்டியை நானே எடுத்துக்கொள்கிறேன், காலையில் ஏற்றுகிற வேலை மிச்சம் என்றார். பெட்டியைத் தூக்க இருவர் வேண்டும். அவரும் என் கணவரும் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு முதுகிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது. அன்றைக்கு நீச்சல் உடையை ஒரு தடவை எடுத்துப் பார்த்து மடித்து வைத்தேன்.

இந்த இடத்தில் நாத்தனாரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு சமையல் சேனல் நடத்துகிறார். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்னும் நாலு பேர் போய்ப் பார்ப்பீர்கள். அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் வெளிச்சம், கோணம், பின்னணி இசை.

வெள்ளி மத்தியானம் ஏரிக்கரை மைதானத்தில் நானும் கணவரும் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தோம். கடைசி ஆணியை நான் தரையில் இறக்கும் நேரத்தில் மாமியார் செல்போனோடு வந்தார். முகமெல்லாம் பல்.

"இங்க பாரும்மா. எம் பொண்ணு நேத்து போட்ட வீடியோ. அதுக்குள்ள எத்தன ஆயிரம் பேர் பாத்துட்டாங்க!"

பார்த்தேன். நாத்தனாரின் பளபளக்கும் சமையலறை. புத்தம்புது ஏப்ரன். மேடையில் வரிசையாக, நிறம்வாரியாக, சிவப்பு ஒரு பக்கம் வெள்ளை ஒரு பக்கமாகப் பதினெட்டுப் பைகள். என் பைகள். அவற்றை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன், மூலை மடிப்பே காட்டிக்கொடுத்துவிடும். நாத்தனார் காலிப் பாத்திரத்தில் கரண்டியைச் சுழற்றியபடி பேசினார். "கேம்ப்புக்கு மூணு நாள் சாப்பாடும் நானே ரெடி பண்ணிட்டேன் ஃப்ரெண்ட்ஸ். மொத்தமே ஒரு மணி நேரம்தான் ஆச்சு. ரொம்ப ஈஸி!"

ஒரு மணி நேரமாம். வெங்காயம் உரிக்கவே எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கீழே ஒருத்தர் "எத்தனை கிராம் மாவு போடணும்?" என்று கேட்டிருந்தார். "உங்க மனசுக்குத் தோணுற அளவு" என்று நாத்தனார் பதில் போட்டு, பக்கத்தில் ஒரு இதயமும் போட்டிருந்தார்.

ஆனால் என்னை உலுக்கியது அதில்லை. அந்தப் பதினெட்டில் ஒன்றிலும் லேபிள் இல்லை. நான் ஓடிப்போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். வெள்ளைக்கு மேல் வெள்ளை, சிவப்புக்கு மேல் சிவப்பு. நாளும் இல்லை, வேளையும் இல்லை. ஞாயிறு மதியம் எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்து உருகத் தொடங்கியிருந்தது.

"அண்ணி, லேபிள் எல்லாம் எங்க?"

"அதுவா? உரிச்சுப் போட்டுட்டேன்." கூலிங் கிளாஸைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே சொன்னார். "ஆஸ்பத்திரி மாதிரி இருந்துச்சும்மா. பாத்தா சாப்பிடவே தோணாது. வீடியோல பளிச்சுனு தெரிய வேணாமா?"

"எது எதுன்னு இப்ப எப்படித் தெரியும்?"

"நீ இருக்கியே!" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாமியார், "பசி வயித்தக் கிள்ளுது, என்னதான் இருக்கு?" என்றதும் என் கை தானாகப் பெட்டிக்குள் போய்விட்டது. நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம், என்ன செய்ய? ஒவ்வொரு பையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கொத்துக்கறி சாஸைக் கண்டுபிடித்தேன். மற்றவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். "நீ பின்னாடியே வந்துடு," என்றார் கணவர். நான் அடுப்பை மூட்டினேன். ஆறு மணிக்கு மேல் ஏரியில் இறங்க அனுமதி இல்லை. ஆறு பத்துக்கு அவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்கள். மிதவையைப் பற்றிப் பேசினார்கள். பாஸ்தா சரியான பதத்தில் இருந்தது, அதையும் நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை. மாவுக்கரைசலில் ஒரு பையைத் தேடி எடுத்து பான்கேக் சுட்டுக் கொடுத்துவிட்டுத் தட்டுகளைக் கழுவினேன். பிறகு என் கைப்பையிலிருந்து டேப்பையும் மார்க்கர் பேனாவையும் எடுத்தேன். அவை இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. மீதியிருந்த பைகளுக்கெல்லாம் ஒரேயடியாக உட்கார்ந்து மறுபடி லேபிள் ஒட்டிவிட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், அதற்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிட முடியாது என்று கணக்குப் போட்டேன். முதல் பையைத் துடைத்து, "சனி மதியம், உருளைக்கிழங்கு சூப்" என்று எழுதி ஒட்டினேன். என் எழுத்தைப் பார்க்கவே மனசு கொஞ்சம் சமாதானம் ஆயிற்று.

நாத்தனார் முழு மேக்கப்பில் வந்து நின்றார்.

"ஐயோ, மறுபடி ஆரம்பிச்சிட்டியா? பன்னெண்டு மணிக்கு நான் லைவ் போறேன். கேம்ப்லேர்ந்து நேரடியா. அதுல போய் இதெல்லாம் ஒட்டி வச்சா அசிங்கமா தெரியாதா?" குனிந்து, நான் ஒட்டின லேபிளைச் சரக்கென்று உரித்தார். உரித்ததைச் சுருட்டி உருட்டிக் குப்பைப் பையில் போட்டார். "நீ என்ன பண்ற, கேமராவுக்கு இந்தப் பக்கமா உக்காந்துக்கிட்டு சூடு பண்ணிக் குடு. நான் முன்னாடி நின்னு பேசிக்கிறேன். ரொம்ப ஈஸி."

சொல்லிவிட்டு உதட்டுக்குச் சாயம் தீட்டிக்கொள்ளப் போய்விட்டார்.

நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் ஒட்டியிருந்த இடத்தில் பிசுபிசுப்பு மட்டும் இருந்தது. வியாழக்கிழமை அவர் உரித்தபோது நான் பக்கத்தில் இல்லை. இப்போது என் கண் முன்னாலேயே உரித்தார். எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு அந்த ஐஸ் பெட்டியை அப்படியே தூக்கிக் கவிழ்த்திருக்கலாம். அதைச் செய்திருந்தால் பொறுக்கி எடுத்துக் கழுவி அடுக்குகிற வேலையும் எனக்குத்தான் வந்திருக்கும். அதனால் பேனாவை மூடினேன். டேப்பைப் பைக்குள் போட்டேன். கூடாரத்துக்குள் போய் கருநீல உடையை மாட்டிக்கொண்டு மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

மாமனார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெட்டியைத் திறந்து லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். என் கழுத்துக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த கருநீலப் பட்டையைக் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"துண்டு எடுத்துக்கிட்டியாம்மா?" என்றார்.

எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன்.

ஏரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரமாதமாக ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக அவர்கள் அடித்த பெருமையைக் கேட்டு நான் என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். கரையோரம் சேறு. வாத்துகள் எங்கே பார்த்தாலும் அசுத்தம் பண்ணி வைத்திருந்தன. உயரமான நாற்காலியில் காவலர் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் புகழ்பெற்ற மிதவை, கரையிலிருந்து நாற்பது மீட்டரில், நாலு பலகையும் ஒரு இரும்பு ஏணியுமாக நின்றது. இதற்கா இத்தனை அலட்டல் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சட்டையைக் கழற்றித் துண்டோடு மடித்து வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன்.

இறங்கினேன். தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. குளத்தில் அடியில் நீலக் கோடு தெரியும், பக்கத்தில் கைப்பிடி இருக்கும். இங்கே அடியும் தெரியவில்லை, பிடியும் இல்லை. பாதி தூரத்தில் எனக்கு மூச்சு முட்டியது. சூப்பை யார் கிளறுவார்கள் என்று ஒரு யோசனை வேறு அந்த நேரம் பார்த்து வந்தது. என் மேலேயே எனக்கு வெறுப்பாகிவிட்டது. நடு ஏரியில் உயிர் போகிற நேரத்தில் சூப்பாம்! மூச்ச விடுங்கக்கா என்று அந்த விசில்காரி கத்துவது காதில் கேட்ட மாதிரி இருந்தது. விட்டேன். கையை வீசினேன். அடுத்த வீச்சில் விரல் இரும்பில் பட்டது.

ஏணியில் ஏறி மல்லாந்து படுத்தேன். பலகை சூடாக இருந்தது. வானம் மட்டும்தான் தெரிந்தது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பொய் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது, முகமெல்லாம் ஈரமாகத்தான் இருந்தது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ, கரையிலிருந்து என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எழுந்து உட்கார்ந்தேன். கணவர் தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இரண்டு கையிலும் இரண்டு வெள்ளைப் பை.

"நீ எப்ப நீச்சல் கத்துக்கிட்டே?" என்று முதலில் வாயைப் பிளந்தார். அப்புறம் வந்த காரியம் ஞாபகம் வந்தது. "சீக்கிரம் சொல்லு! அக்கா லைவ்ல இருக்கா! ஆயிரத்தி நூறு பேர் பாத்துட்டிருக்காங்க! க்ரீம் சூப்னு சொல்லிட்டு ஒரு பையை ஊத்தினா, அது அப்படியே கட்டியாயிடுச்சு! கரண்டி நட்டுக்கிட்டு நிக்குது!"

மாவுக்கரைசல். ஞாயிறு காலைக்கு வைத்தது. பெரிய தீயில் கொதிக்கவிட்டிருப்பார்கள். மனக்கண்ணில் கரண்டி நிற்பதைப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது.

"இதுல எது சூப்பு? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு!" இரண்டு பையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "எதுன்னு மட்டும் சொல்லிடு!"

நாற்பது மீட்டரிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. வலது கையில் இருந்தது சூப். காலையில் லேபிள் ஒட்டினேனே, அதே பை. மூலையில் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று புடைத்துக்கொண்டு நிற்கும். இடது கையில் வெள்ளை சாஸ். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"லேபிள்ல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"லேபிள்தான் இல்லியே!"

"லேபிள் இல்லைன்னா எனக்குத் தெரியாதுங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் சாப்பாட்டு விஷயத்தில் தெரியாது என்று நான் சொல்லி அவர் கேட்டதில்லை. காவலர் கொட்டாவியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மேட்டுப் பாதையில், ஏப்ரனோடும் மேக்கப்போடும் நாத்தனார் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் ஃப்ரெண்ட்ஸ், ஏரியோட அழகையும் உங்களுக்குக் காட்டிடறேன்," என்று சமாளித்துச் சிரித்தபடி வந்தார். கணவர் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு முதுகு அந்தப் பக்கம்.

"விளையாடாதே!" என்று கத்தினார். "உனக்குத் தெரியாம எப்படி இருக்கும்? பதினெட்டுப் பையையும் நீதானே செஞ்சே!"

நாத்தனார் அப்படியே நின்றுவிட்டார். செல்போன் மட்டும் இன்னும் உயர்ந்தபடியே இருந்தது. "டேய்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. அது கணவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. தண்ணீர் மேல் சத்தம் எவ்வளவு தெளிவாக வருகிறது!

நான் எழுந்து, மிதவையின் ஓரத்துக்கு வந்து, கையைக் காதோரம் குவித்துக்கொண்டேன்.

"கேக்கலைங்க! கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!"

என் கணவர் நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன். சொன்னால் செய்வார். நன்றாக மூச்சை இழுத்து, இரண்டு பையையும் வானத்தில் ஆட்டிக்கொண்டு, ஏரி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"எல்லாத்தையும் நீதான் செஞ்சேன்னு சொன்னேன்! அக்கா ஒண்ணுமே செய்யல! மூணு வாரமா ராத்திரியும் பகலுமா எல்லாமே நீதான் செஞ்சே!"

எனக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டிருந்தது. இன்னும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.